எட்டுப் பாட்டில் ஜாம்

செந்தூர மாம்பழம் இரண்டு கிலோ நறுக்கியாயிற்று. சர்க்கரை 900 கிராம், எங்கள் வீட்டுச் சின்னவன் தானே தராசைப் பிடித்து நிறுத்து வைத்திருந்தான். முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சுக்கூட விடவில்லை. எட்டுக் கண்ணாடிப் பாட்டில்கள் வெந்நீரில் கொதித்து எழுந்து, முற்றத்து வெயிலில் வெள்ளைத் துணிமேல் கவிழ்ந்து கிடந்தன. கத்திரி நேரம். காரைக்குடிப் பக்கத்துச் சாக்கோட்டையில் அப்போது நிழலும் சுடும். லீவுக்கு வந்த பிள்ளைகளைப் பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வீட்டுக்குள் பிடித்துவைக்க என்ன வழி என்று தேடியதில் கிடைத்ததுதான் மாம்பழ ஜாம். யோசனை சொன்னது தம்பி மகள், பதின்மூன்று வயசு. எல்லாம் தயாரானபோது அவளைத்தான் அடுப்படியில் காணோம்.

நிலைக்கு அந்தப் பக்கம், சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா ஆத்தா. நீதானே கிண்டுவேன்னு சொன்ன?"

அவள் அசையவில்லை. அவளுக்குப் பதிலாகச் சின்னவன் சொன்னான்: "அக்கா தூரமாம் பெரியப்பா. அப்பத்தா சொன்னாக." சொல்லிவிட்டு எட்டிப் பார்த்து அளந்தான். "ரெண்டடியிலதான நிக்கிறா? இதுல என்ன தூரம்?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஜாம் நடக்கவில்லை. நறுக்கிய பழத்தை மற்றப் பிள்ளைகள் சர்க்கரை தொட்டே தின்று தீர்த்தார்கள்.

அப்பத்தா என்பது என் அம்மா. பிள்ளைகள் சொல்வதுபோல நானும் அப்பத்தா என்றே சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டேன். கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: "புளிப்பும் இனிப்புமா ஊறுற பண்டம்டா. தொட்டா பூத்துப்போகும்." சாட்சியும் வைத்திருந்தாள். ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போட்ட எலுமிச்சங்காய், ஒரு மங்குச் சாடி முழுக்கப் பூத்துப்போய்க் கொல்லையில் கொட்டினார்களாம். விசாரித்ததில், வீட்டுக்குத் தூரமாயிருந்த ஒருத்தி அந்தச் சாடியை நகர்த்தி வைத்தது தெரிந்ததாம்.

தமிழைப் பாருங்கள். ஊறுகாயில் பூஞ்சை படர்ந்தால் பூத்துப்போச்சு. பெண் வயசுக்கு வந்தால் பூப்பெய்தினாள். ஒரே வினைச்சொல்லில் ஒன்று கொல்லைக்குப் போகிறது, இன்னொன்று கொல்லைப்புறத்துக்குப் போகிறது. கேரளத்தில் செங்கன்னூர் பகவதி சிலைக்கு மாதவிடாய் வந்ததாக நம்பப்படும்போது அதற்குப் பெயர் திருப்பூத்து. ஆற்றுக்கு எழுந்தருளச் செய்து நீராட்டி விழாக் கொண்டாடுகிறார்கள். அசாமில் காமாக்யா அம்மனுக்கு ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் நடை சாத்தி, பிறகு சிவப்புத் துணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு நாடே திரள்கிறது. விக்கிரகத்துக்கு வந்தால் திருவிழா. தம்பி மகளுக்கு வந்தால் ஜாம் கெட்டுவிடும்.

அப்பத்தாவை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். சமையல்கட்டில் அவள் சொல்வதில் பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். புளிப்பைப் பித்தளையில் வைக்காதே என்பாள். பழத்தின் அமிலம் செம்பை அரித்துக் களிம்பேற்றும், உண்மைதான். அரிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் ஆராய, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 முதல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் நடக்கிறது. அங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டி போடாதே என்பாள். அதுவும் சரி. உப்பும் சர்க்கரையும் தண்ணீரைத் தங்களோடு கட்டிப்போட்டு வைத்திருப்பதால்தான் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை. ஈரக் கரண்டி அந்தக் கட்டை அவிழ்க்கிறது. இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் கெடுத்தும் திருத்தியும் கண்டுபிடித்தவை. பிரச்சினை பத்தாவதில். அதை எந்தப் பாட்டியும் சோதித்ததில்லை. ஆனால் ஒன்பது சரியான விதிகளோடு ஒரே வரிசையில், ஒரே குரலில், ஒரே அதட்டலோடு அதுவும் சொல்லப்படுகிறது. பொய் தனியாக வந்தால் வாசலிலேயே பிடித்துவிடலாம். கூட்டத்தோடு வந்தால் எப்படிப் பிடிப்பது?

அந்த எலுமிச்சங்காய்ச் சாடி எதனால் பூத்ததோ! உப்புக் குறைந்திருக்கலாம், மூடி சரியாக இறுகாமலிருக்கலாம், யாரோ ஐயா ஒருவர் சோற்றுக் கையை விட்டிருக்கலாம். சாடி கெட்டால் ஒரு குற்றவாளி வேண்டும். மாதத்தில் சில நாள் வீட்டில் எவளாவது ஒருத்தி கையும் களவுமாகக் கிடைப்பாள். நாலைந்து பெண்கள் உள்ள வீட்டில் பெரும்பாலான நாளும் கிடைப்பாள். அவள் நகர்த்தியும் கெடாத சாடிகள் எத்தனை? அவற்றை யாரும் எண்ணியதில்லை. கெடாத சாடிக்குக் கதை கிடையாது, சோற்றோடு தீர்ந்துபோகும்.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் என்று வெட்கப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிப் பிளினி, அந்த நாளில் பெண் நெருங்கினால் புது ஒயின் புளிக்கும், கண்ணாடி மங்கும், இரும்பு துருப்பிடிக்கும் என்று எழுதிவைத்தார். 1878இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், மாதவிடாயான பெண் கைபட்டால் உப்புக்கண்டம் போடும் பன்றி இறைச்சி கெடுமா என்று டாக்டர்கள் கடிதம் போட்டு வாதாடினார்கள். வடக்குப் பிரான்சின் சர்க்கரை ஆலைகளில் பாகு காயும்போதும் ஆறும்போதும் அந்த நாட்களில் பெண்களை உள்ளே விடமாட்டார்கள், சர்க்கரை கறுத்துவிடுமாம். 1949இல் வந்த தன் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவார் இதைக் குறித்திருக்கிறார். சர்க்கரை ஆலைக்கும் சாக்கோட்டை அடுப்படிக்கும் ஒரே சட்டம்! ஒயின் தெரியாத அப்பத்தாவும் ஊறுகாய் தெரியாத பிளினியும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்து, அப்படியானால் ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எல்லா ஊரிலும் அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டது ஆண்கள்தான். இரண்டுக்கும் பொது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் எனக்குப் பகுத்தறிவு தலைக்கேறிவிட்டது. நீண்ட நாள் வியாதி. பிள்ளைகளை முற்றத்தில் உட்காரவைத்து, இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் கதையைச் சொன்னேன். தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, டிகாக்ஷனை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. சிரித்துவிட்டுப் போகாமல், எட்டுக் கோப்பை வைத்துச் சோதித்துப் பார்ப்போம் என்றார் ஃபிஷர். நாலு இப்படி, நாலு அப்படி, வரிசையைக் குலுக்கிவிட்டு, எது எதென்று அந்த அம்மாளுக்குச் சொல்லாமல். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழி. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான். 1935இல் அவர் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. இன்றைக்கு மருந்துச் சோதனைகளெல்லாம் நடக்கிற முறைக்கு அதில் வேர் இருக்கிறது.

"நம்மகிட்டயும் எட்டுப் பாட்டில் இருக்கு," என்றேன். "நாலு பாட்டில் அக்கா இப்பக் கிண்டுனது. நாலு, தலைக்கு ஊத்தினப்புறம் கிண்டுனது. அடியில நம்பர். எது எதுன்னு நோட்டுல எழுதிப் பூட்டிருவோம். ஆறு மாசம் கழிச்சு எது பூத்துச்சுன்னு பாப்போம். அப்பத்தா ருசி பாத்துச் சொல்லட்டும்."

சின்னவன் குதித்தான். நோட்டுக்கு அட்டை போடவே கிளம்பிவிட்டான். நானும் மனதுக்குள் கொஞ்சம் குதித்தேன். எழுபதில் அந்த ஒன்றும் கிடைக்காமல் அப்பத்தா தோற்கிற காட்சி தெரிந்தது.

தம்பி மகள் மட்டும் கேட்டாள்: "பெரியப்பா, எனக்கு எப்ப வருது, எப்ப முடியுதுன்னு நோட்டுல எழுதணுமா?"

"சோதனைக்குத் தேதி வேணும்ல ஆத்தா."

"இன்னிக்கு இவன் கத்துனதே போதும்." எழுந்து போய்விட்டாள்.

ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டுக் கிடந்தும் தூக்கம் வரவில்லை. ஃபிஷரைச் சொன்னவன் ஷிக்கைச் சொல்லாமல் விட்டேனே என்று உறைத்தது. பேலா ஷிக், வியன்னாவின் குழந்தை மருத்துவர். தொண்டை அடைப்பான் நோய்க்கு அவர் பெயரிலேயே ஒரு சோதனை இருந்தது, கெட்டிக்காரர். வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் பூங்கொத்தைக் கொடுத்துத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். மறுநாள் வாடிக்கிடந்தது. கேட்டால், எனக்கு அந்த நாள் ஐயா, நான் தொட்டால் வாடும் என்றாள் அவள். டாக்டர் சிரிக்கவில்லை. விஞ்ஞானி அல்லவா, சோதித்தார். அந்த நாளில் இருந்த பெண்கள் கையில் பூக்களைக் கொடுத்தார், மாவு பிசையவைத்துப் பார்த்தார். 1920இல் மாதவிடாய் நஞ்சு என்று கட்டுரையே எழுதினார். அப்படி ஒரு நஞ்சே கிடையாது. ஆனால் அவர் வைத்த பெயர் ஆராய்ச்சி ஏடுகளில் பல பத்தாண்டு சுற்றியது. மற்ற நாடுகளிலும் செடியை வைத்து, ரத்தத்தை வைத்துச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். மூடநம்பிக்கையின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கிய காலம்.

ஷிக் சோதனையைச் சரியாகச் செய்யவில்லை, நான் சரியாகச் செய்வேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நிற்கவில்லை. அவர் செய்ததும் நான் செய்யப்போனதும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. பெண்ணின் கையைக் கூண்டில் ஏற்றிவிட்டு, நீ விஷம் இல்லை என்று நிரூபி என்கிறோம். சோற்றுக் கையை விடுகிற ஐயாவுக்கு யாரும் எட்டுப் பாட்டில் வைத்ததில்லை. கை கெடுக்கும் என்று சொன்னவர்தானே காட்ட வேண்டும்? இரண்டாயிரம் ஆண்டாக ஒருவரும் காட்டவில்லை. அதற்கு ஒரு பதின்மூன்று வயசுக்காரி தன் மாதக் கணக்கை நோட்டில் எழுதி, தம்பிமார் முன்னால் பூட்டிவைக்க வேண்டும் என்கிறேன் நான், அதுவும் முற்போக்கு என்ற பெயரில்.

நம் ஆண் பகுத்தறிவாளர்கள் பலரின் கதை இதுதான். மேடையில் பெரியார், அடுப்படியில் பெரியாத்தா. என் வீட்டில் முப்பது ஆண்டாகத் தூரம் என்ற சொல் புழங்கியிருக்கிறது. என் மனைவியும் தங்கையும் அந்த நிலைக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பார்கள். நான் கவனித்ததேயில்லை. கவனித்த அன்றைக்கு, முதல் வேலையாக நோட்டை எடுத்தேன். இதே காரைக்குடியில் 1930களில் மரகதவல்லி என்ற பெண் 'மாதர் மறுமணம்' என்று பத்திரிகைக்குப் பெயரே வைத்து நடத்தினார். அவரும் கணவர் சொ. முருகப்பாவும் அதைத் தங்கள் கல்யாணத்திலேயே செய்து காட்டியவர்கள். அவர்கள் ஊர் முன்னால் வைத்தது தங்கள் வாழ்க்கையை. நான் வைக்கப் பார்த்தது தம்பி மகளை.

மறுநாள் அவளிடம் போய், தப்புத்தான் ஆத்தா என்றேன். பெரியப்பன் தப்பென்று சொல்வதைப் பிள்ளைகள் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஜாம் செய்யலாம். இரண்டு ஈடு, ஈட்டுக்கு நாலு பாட்டில். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. அவள், அவள் அம்மா, அயித்தை மூன்று பேரும் கிண்டுவார்கள். மற்றப் பிள்ளைகளும் கிண்டுவார்கள். யார் எந்த நாளில் இருந்தார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. எட்டுப் பாட்டிலையும் கலந்து வைத்துவிட வேண்டும். நோட்டு கிடையாது.

எனக்குப் பொறுக்கவில்லை. "குறிப்பே இல்லாம அது என்னத்தா சோதனை?"

"சோதனை இல்ல பெரியப்பா. ஜாம்."

புதன்கிழமை முதல் ஈடு. இந்த முறை செந்தூரத்தோடு, முழுக்கப் பழுக்காத கல்லாமை மாம்பழம் இரண்டும் போட்டோம். அரைப்பழத்தில்தான் பெக்டின் கூடுதல். ஜாமைக் கட்டிப்பிடிக்கிற பசை அதுதான். கனிந்து ஒழுகுகிற பழத்தை மட்டும் போட்டால் எவ்வளவு கிண்டினாலும் பாகாகவே நிற்கும். சதையை வேகவைத்து, மத்தால் மசித்து, நார் போகச் சல்லடையில் தேய்த்ததில் 1.2 கிலோ கூழ். அதற்கு 900 கிராம் சர்க்கரை, மூன்று எலுமிச்சம்பழச் சாறு. அப்பத்தா சொன்ன விதிப்படி பித்தளை உருளியை ஒதுக்கிவிட்டு, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம்.

ஜாம் கொதிப்பது பாயசம் கொதிப்பது மாதிரி இல்லை. முதலில் நுரைத்துச் சிரிக்கும். சின்னதுகள் நுரையை வழித்துத் தின்னச் சண்டை போட்டன. தண்ணீர் சுண்டச் சுண்ட நுரை அடங்கி, கூழ் கனத்து, அடியிலிருந்து ஆவி ஒரு பெரிய குமிழாக எழுந்து பளக் என்று உடைந்து தெறிக்கும். அந்தத் தெறி தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும், எண்ணெயாவது வழிந்துவிடும். அதனால் நீளக் காம்பு அகப்பை, முழங்கை வரை துண்டு சுற்றிய கைகள். தம்பி மகள் ஸ்டூல் போட்டு நின்று கிண்டினாள். மஞ்சளாயிருந்தது ஆரஞ்சாகி, பிறகு கருக்கல் நேரத்து வானம்போலச் சிவந்தது. அகப்பையைத் தூக்கிச் சாய்த்தால் முதலில் துளித்துளியாகச் சொட்டியது. கால் மணி நேரம் கழித்து, இரண்டு துளி ஓரத்தில் தயங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தகடுபோலச் சேர்ந்து விழுந்தது. பதம். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 105 டிகிரி. எங்களிடம் இருந்தது ஃப்ரீஸரில் வைத்த எவர்சில்வர் தட்டு. அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் கோடு கிழித்தாள். கோடு மூடவில்லை. சொட்டின் மேல்தோல் சுருங்கி, பாட்டி கன்னம்போல மடிந்தது.

சுடச்சுடப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்தோம். மூன்றில் இரண்டு பங்குக்குமேல் கரைந்த சர்க்கரை, எலுமிச்சைப் புளிப்பு, கொதித்த சூடு, காற்றுப் புகாத மூடி. ஜாமைக் காப்பது இந்த நாலும்தான். ஐந்தாவதாகக் கிண்டியவரின் கருப்பைக்கு இதில் வேலை என்ன? கிண்டுவது கை.

இத்தனை நேரமும் அப்பத்தா எங்கே இருந்தாள் என்று சொல்லவில்லையே. நிலைக்கு அந்தப் பக்கம். உள்ளே வர வீம்பு விடவில்லை, போகவும் மனசில்லை. "பதம் தப்பப் போகுது, தீயக் கொறங்கடி" என்று அங்கிருந்தே கத்தினாள். முந்தின வாரம் தம்பி மகள் காலை ஊன்றி நின்ற அதே சுவர்.

'வீட்டில் செய்தால் சுத்தம்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு ஜாம் செய்யச் சொல்கிறவர்களும் இதைத்தான் காரணம் காட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சுத்தம் என்ற சொல்லிலேயே ஒரு வாடை அடிக்கிறது. காரைக்குடியைச் சுற்றி வீட்டுக்கு வீடு கைமுறுக்கும் அதிரசமும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து விற்கிறார்கள். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாகப் போகிறது. அந்த முறுக்கைச் சுற்றிய கைக்கு அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேட்டு வாங்கியவர் உண்டா? 1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது லிஜ்ஜத் அப்பளம். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் தேய்க்கிறார்கள். பூசை முடிந்து இலையில் அதைப் பொரித்து வைக்கிறவர்கள் தேதி விசாரிப்பதில்லை. ஃபிஷரின் எட்டுக் கோப்பை எதற்கு? கோடிக்கணக்கான பாட்டிலிலும் பாக்கெட்டிலும் சோதனை தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, யார் கிண்டியது என்று தெரியாமலே. ஃபிஷர் கேட்டதும் அதைத்தானே. அப்பத்தாவின் அலமாரியிலும் கடை ஊறுகாய் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் கைக்குத் தீட்டு இல்லை. காசு கொடுக்காமல் வேலை வாங்கும் கைக்கு மட்டும் உண்டு.

உடனே படித்தவர் ஒருவர் வருவார். "தீட்டெல்லாம் இல்லைங்க. பெண்களுக்கு மூணு நாள் ஓய்வு கிடைக்கட்டும்னுதான் பெரியவங்க வச்சாங்க." அப்பத்தாவோடு வாதாடலாம், அவள் நம்புவதைச் சொல்கிறாள். இவர் நம்பாததைச் சொல்கிறார். ஓய்வென்றால் மெத்தை எங்கே, வெந்நீர் எங்கே? ஓய்வெடுப்பவள் ஏன் தன் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்? புதுவயல் அரிசி ஆலையில் நெல் காயவைத்த பெண்களுக்கும், நடவுக்குப் போன பெண்களுக்கும் பெரியவர்கள் அந்த ஓய்வை ஏன் வைக்கவில்லை? ஓய்வு வேண்டுமென்றால் ஓய்வு என்று பெயர் சொல்லியே கொடுக்கலாம். பீகார் அரசு 1992 முதல் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு கொடுக்கிறது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2023இல் மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 சதவீதம் தளர்த்தினார்கள். அங்கே யாரும் நிலைப்படிக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

இதை வெறும் ஜாம் விவகாரம் என்று நினைத்தால், கண்டனூர் புதுவயல் ஸ்டேஷனில் ரயிலேறுங்கள். அதே தண்டவாளம் அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டைக்குப் போகிறது. பக்கத்தில் அணைக்காடு. 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல் கரையேறிய நேரம். வயசுக்கு வந்து சில நாளான பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வீட்டுக்கு வெளியே குடிசையில் வைத்திருந்தார்கள். தென்னை முறிந்து குடிசைமேல் விழுந்தது. பிள்ளை செத்துப்போனாள். புயல் வருகிறது, பத்திரமான இடத்தில் இருங்கள் என்று ரேடியோவும் டிவியும் அலறிய ராத்திரி அது. பெற்றவர்களுக்கு அந்தப் பிள்ளைமேல் பாசம் இல்லையா? இருந்திருக்கும். அதுதான் இதில் பயங்கரம். கெட்டவர்கள் யாரும் இல்லாமலே ஒரு பிள்ளை செத்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். வீடியோ வெளியான பிறகு தலைமையாசிரியை சஸ்பெண்ட் ஆனார். அந்தப் படிக்கட்டும் எங்கள் வீட்டு நிலைப்படியும் வேறு வேறு மரத்தில் செய்தவையா?

அடுத்த வாரம் இரண்டாவது ஈடும் ஆயிற்று. எட்டுப் பாட்டிலும் ஒரே தட்டில், நம்பர் இல்லாமல், தேதி இல்லாமல். யார் எப்போது எப்படி இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அதுதான் கஷ்டமான பகுத்தறிவு. ஜூனில் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். மூன்று பாட்டில் அவர்களோடு போனது.

ஆடியில் ஒரு பாட்டில் பூத்தது. மேலே வெள்ளையாக, பச்சை விளிம்போடு, காசு அகலத்துக்கு. அப்பத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுபதில் ஒன்றாக இருந்துவிட்டால்?

"தோசைக்குத் தொட்டுக்க ராத்திரி இத எடுத்தது யாரு?"

"நான்தான்."

"கழுவுன கரண்டியத் தொடைச்சியா?"

துடைக்கவில்லை. பாட்டிலைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன்.

காலாண்டு லீவுக்குத் தம்பி மகள் வந்தாள். மிச்சத்தில் கடைசிப் பாட்டில் திறந்தபடி இருந்தது. அப்பத்தாவே பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "என்னத்தா, எட்டுப் பாட்டில்ல என் கரண்டியத் தவிர எதுவும் கெடுக்கலையே" என்றேன்.

அப்பத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஜாம் வெள்ளக்காரன் பண்டம்டா. அதுக்கு ஏது தீட்டு? ஊறுகாக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம்."

தோற்ற நம்பிக்கை இவ்வளவு அலுங்காமல் வீடு மாறுமா! நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மகள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப இந்த லீவுல எலுமிச்சங்கா போடுவோம் அப்பத்தா. எந்த நாளுன்னு மட்டும் கேக்கக்கூடாது."

அப்பத்தா கத்தியில் ஒட்டியிருந்த ஜாமை ரொட்டி ஓரத்தில் வழித்தாள்.

"சாடியக் கழுவிக் காயவைக்கிறது நானு. உப்பு அளக்குறதும் நானு" என்றாள். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.